பார்த்தால் தெரியாத நோய்

“உனக்கு என்ன வந்தது? நன்றாகத்தானே இருக்கிறாய்!”

இந்தச் சொல்லை நாம் எல்லோருமே சொல்லியிருக்கிறோம். மாமியார் மருமகளிடம் சொல்கிறார். கணவன் மனைவியிடம் சொல்கிறான். மானேஜர் குமாஸ்தாவிடம் சொல்கிறார். சொல்கிறவர்கள் கெட்டவர்கள் அல்ல. கண்ணால் பார்த்ததைச் சொல்கிறார்கள். கையில் கட்டு இல்லை. நெற்றியில் சூடு இல்லை. நடையில் தள்ளாட்டம் இல்லை. பிறகு என்ன நோய்?

ஆனால், கண்ணுக்குத் தெரியாத நோய்களும் உண்டு. அப்படி ஒரு நோயோடு வாழ்கிறவருக்கு, இந்த ஒரு சொல் ஊசியைவிட அதிகமாகக் குத்தும்.

அவற்றில் ஒரு நோயைப் பற்றி இன்று பார்ப்போம். அதன் பெயர் “மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ்”. டாக்டர்கள் சுருக்கமாக “எம்.எஸ்.” என்பார்கள். தமிழில் “தண்டுவட மரப்பு நோய்” என்று எழுதுகிறார்கள்.

இந்த நோய் சிலருக்குக் கடுமையாக வருகிறது. சிலருக்கு லேசாக வருகிறது. லேசாக வந்தவர்களைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை. ஏன் தெரியுமா? கடுமையாக வந்தவரைக் கண்டால் ஊரே இரங்கும். லேசாக வந்தவரை வீட்டில் இருப்பவர்கள்கூட நம்புவதில்லை!

கம்பியும் உறையும்

நம் உடம்பு முழுவதும் நரம்புகள் ஓடுகின்றன. மூளையின் கட்டளை நரம்பு வழியாகத்தான் கைக்கும் காலுக்கும் போகிறது.

மின்சாரக் கம்பியைப் பார்த்திருப்பீர்கள். உள்ளே செம்பு. வெளியே உறை. உறை கிழிந்தால் விளக்கு ஒழுங்காக எரியாது. சில நேரம் மினுக்கும். சில நேரம் அணைந்தே போகும். நரம்புக்கும் இப்படி ஓர் உறை உண்டு. அது கொழுப்பு நிறைந்தது. “மயலின்” என்று பெயர்.

நம் இரத்தத்தில் காவல்காரர்கள் இருக்கிறார்கள். வெளியில் இருந்து வரும் கிருமிகளை விரட்டுவது அவர்கள் வேலை. எம்.எஸ். நோயில் இந்தக் காவல்காரர்கள் ஆள் தெரியாமல் சொந்த வீட்டையே தாக்குகிறார்கள். மூளையிலும், முதுகுத் தண்டிலும், கண் நரம்பிலும் உள்ள உறையை அரிக்கிறார்கள். அரித்த இடத்தில் தழும்பு விழுகிறது.

தழும்பு எந்த இடத்தில் விழுகிறதோ, அதைப் பொறுத்துத் தொல்லை வரும். ஒருவருக்கு ஒரு கண் மங்கும். ஒருவருக்குக் கால் மரத்துப் போகும். ஒருவருக்குக் கை சொன்னபடி கேட்காது. சில வாரங்களில் அந்தத் தொல்லை குறையும். பல மாதம் ஒன்றும் இருக்காது. சில வருடம்கூட ஒன்றும் இருக்காது. பிறகு மறுபடியும் ஒரு தாக்குதல் வரும். 100 பேரில் ஏறக்குறைய 85 பேருக்கு நோய் இப்படி வந்து வந்து போவதாகத்தான் தொடங்குகிறது.

பிரான்ஸ் நாட்டில் ஷார்கோ என்று ஒரு பெரிய டாக்டர் இருந்தார். பாரீஸ் நகரில் சால்பெத்ரியேர் ஆஸ்பத்திரியில் வேலை செய்தார். 1868-ம் ஆண்டில் அவர்தான் இதைத் தனி நோய் என்று தெளிவாக எடுத்துச் சொன்னார்.

2020-ம் ஆண்டில் எடுத்த கணக்குப்படி, உலகத்தில் சுமார் 28 லட்சம் பேருக்கு இந்த நோய் இருந்தது. பெரும்பாலும் 20 வயதில் இருந்து 40 வயதுக்குள் தொடங்குகிறது. ஓர் ஆணுக்கு வந்தால், இரண்டு பெண்களுக்காவது வருகிறது. அதாவது, கல்யாணம் பேசும் வயதில், கைக்குழந்தையை இடுப்பில் வைத்திருக்கும் வயதில், உத்தியோகத்தில் கால் ஊன்றும் வயதில் வருகிறது.

யார் குற்றம்?

வீட்டில் ஒருவருக்கு நோய் வந்தால், உடனே “யார் குற்றம்?” என்று தேடுகிறோம். பெண் வீட்டார் மறைத்து விட்டார்கள் என்கிறோம். செய்வினை என்கிறோம். முன் ஜென்மத்துப் பாவம் என்கிறோம்.

இது யார் குற்றமும் அல்ல.

அமெரிக்க ராணுவத்தில் இருந்த 1 கோடிக்கு மேற்பட்டவர்களின் குறிப்புகளை ஆராய்ந்து, 2022-ம் ஆண்டில் விஞ்ஞானிகள் ஒரு முடிவை வெளியிட்டார்கள். “எப்ஸ்டீன்-பார்” என்று ஒரு வைரஸ் இருக்கிறது. அது உடம்பில் புகுந்த பிறகு, எம்.எஸ். வரும் வாய்ப்பு 32 மடங்கு ஆகிறது என்று கண்டார்கள். ஆனால், அந்த வைரஸ் உலகத்தில் ஏறக்குறைய எல்லோர் உடம்பிலும் புகுந்து விடுகிறது. அவர்களில் மிகச் சிலருக்குத்தான் எம்.எஸ். வருகிறது. உடம்பின் பிறவி வாகும் அதோடு சேர வேண்டும்.

எம்.எஸ். ஒட்டுவாரொட்டி அல்ல. நோயாளியின் தட்டில் சாப்பிட்டால் வராது. ஒரே பாயில் படுத்தால் வராது. தாய்க்கு இருந்தால் பிள்ளைக்கு வந்தே தீரும் என்பதும் இல்லை.

காலை அளக்கும் கோல்

“லேசான நோய்” என்று எதை வைத்துச் சொல்கிறார்கள்?

ஜான் கர்ட்ஸ்கி என்பவர் அமெரிக்க நரம்பு நிபுணர். 1955-ம் ஆண்டில் இந்த நோயை அளக்க ஓர் அளவுகோல் செய்தார். 1983-ம் ஆண்டில் அதை விரித்து எழுதினார். உலகம் முழுவதும் டாக்டர்கள் இன்றும் அதைத்தான் பயன்படுத்துகிறார்கள்.

அந்தக் கோலில் 0 முதல் 10 வரை எண்கள் உண்டு. 0 என்றால் பரிசோதனையில் ஒரு குறையும் தெரியவில்லை. 4 என்றால் துணை இல்லாமல் 500 மீட்டர் நடக்க முடியும். 6 என்றால் 100 மீட்டர் நடக்கவே ஊன்றுகோல் வேண்டும். 7 என்றால் சக்கர நாற்காலி. நோய் வந்து 10 வருடமோ 15 வருடமோ ஆன பிறகும் எண் 3-ஐத் தாண்டவில்லை என்றால், “லேசான நோய்” என்று வெகுகாலம் சொல்லி வந்தார்கள்.

இது நல்ல அளவுகோல்தான். மருந்து வேலை செய்கிறதா என்று பார்க்க உதவுகிறது. ஆனால், கவனித்தீர்களா? 4-க்கு மேல் போனால், அது பெரும்பாலும் காலைத்தான் அளக்கிறது! எத்தனை தூரம் நடக்கிறாய் என்று கேட்கிறது. நடந்து வந்த பிறகு சமைக்க முடிந்ததா என்று கேட்பதில்லை. சோர்வுக்கும், மறதிக்கும், மனக் கவலைக்கும் அந்தக் கோலில் கிடைக்கும் இடம் மிகச் சிறியது.

கால் நன்றாக நடந்தால், வாழ்க்கையும் நன்றாக நடக்கிறது என்று அர்த்தமா? இல்லை.

இத்தாலியில் டாக்டர்கள் இதைச் சோதித்துப் பார்த்தார்கள். நோய் வந்து 15 வருடம் ஆகியும் எண் 3-ஐத் தாண்டாத 163 பேரை எடுத்துக் கொண்டார்கள். எல்லோரும் “லேசான நோயாளிகள்”. நடை, ஓட்டம் எல்லாம் சரி. அவர்களுடைய ஞாபகத்தையும், சோர்வையும், மனத்தையும் சோதித்தார்கள். 2006-ம் ஆண்டில் முடிவு வெளிவந்தது.

100-க்கு 45 பேருக்கு ஞாபகத்திலும் சிந்தனையிலும் குறை இருந்தது. 100-க்கு 49 பேருக்குக் கடும் சோர்வு. 100-க்கு 54 பேருக்கு மனச் சோர்வு.

இவர்களைத்தான் நாம் “நன்றாகத்தானே இருக்கிறாய்” என்கிறோம்!

சோம்பல் அல்ல

எம்.எஸ். நோயாளிகளை அதிகமாக வாட்டுவது எது? கால் மரப்பு அல்ல. கண் மங்கல் அல்ல. சோர்வுதான்.

நாமும்தான் சோர்ந்து போகிறோம். நாற்று நட்டால் சோர்வு வரும். மூட்டை தூக்கினால் சோர்வு வரும். இரவு நன்றாகத் தூங்கினால் காலையில் போய்விடும். இந்தச் சோர்வு அப்படி அல்ல. ஒரு வேலையும் செய்யாமலே வரும். தூங்கி எழுந்த பிறகும் இருக்கும். உறை போன நரம்பு வழியாகக் கட்டளை அனுப்ப மூளை அதிகமாக உழைக்க வேண்டியிருப்பது இதற்கு ஒரு காரணம். பகல் ஏற ஏற இந்தச் சோர்வும் ஏறும்.

காலையில் சிரித்துப் பேசிய மருமகள் மதியம் சுருண்டு படுக்கிறாள். “வேலை வந்தால் படுத்துக் கொள்கிறாள்” என்று அக்கம்பக்கம் பேசுகிறது. அவள் படுப்பது வேலைக்குப் பயந்து அல்ல. கையில் இருந்த பணம் தீர்ந்து போனவன் கடையில் என்ன செய்வான்? பேசாமல் திரும்ப வேண்டியதுதான். அவள் உடம்பில் இருந்த பலம் அன்றைக்குத் தீர்ந்து விட்டது.

சோர்வைத் தவிர வேறு சிலவும் உண்டு. பேசிக் கொண்டே இருக்கும்போது சொல் நினைவுக்கு வராது. அடுப்பில் பால் இருப்பது மறந்து போகும். சிறுநீரை அடக்க முடியாது. இதை வெளியே சொல்ல வெட்கம். அதனால், கல்யாணத்துக்குப் போவதில்லை. பஸ்ஸில் ஏறுவதில்லை. “அவளுக்கு மனிதர்களைக் கண்டால் ஆகாது” என்று உறவினர்கள் முடிவு கட்டுகிறார்கள்.

“தலைவலியும் காய்ச்சலும் தனக்கு வந்தால் தெரியும்” என்பது பழமொழி. தனக்கு வராமலே தெரிந்து கொள்ள ஒரு வழி உண்டு. நோயாளி சொல்வதை நம்புவதுதான் அது.

வெயில் என்னும் பகை

இந்த நோய்க்கும் வெயிலுக்கும் ஆகாது. நம் ஊரில் உள்ளவர்கள் இதை முக்கியமாகத் தெரிந்து கொள்ள வேண்டும்.

ஊட்டாஃப் என்பவர் ஜெர்மனியைச் சேர்ந்த கண் டாக்டர். வேகமாக நடந்தால் சில எம்.எஸ். நோயாளிகளுக்குப் பார்வை மங்குவதை 1890-ம் ஆண்டில் அவர் எழுதி வைத்தார். உடம்பு சூடாவதுதான் காரணம் என்று பிறகு தெரிந்தது. ஒரு காலத்தில் நோயைக் கண்டுபிடிக்கவே இதைப் பயன்படுத்தினார்கள். நோயாளியை வெந்நீர்த் தொட்டியில் உட்கார வைத்து, தொல்லை அதிகமாகிறதா என்று பார்த்தார்கள்! எம்.ஆர்.ஐ. படம் வந்த பிறகு அந்தச் சோதனை மறைந்தது.

உடம்பின் சூடு கொஞ்சம் ஏறினாலே போதும். உறை போன நரம்பில் கட்டளை தடுமாறும். கண் மங்கும். கால் கனக்கும். சோர்வு வரும்.

இதில் ஓர் ஆறுதல் உண்டு. இது புதிய தாக்குதல் அல்ல. உடம்பு குளிர்ந்தால் பழையபடி சரியாகும். ஆகையால், வெயிலில் போய்வந்து தள்ளாடினால் பயப்பட வேண்டாம். நிழலில் உட்கார வையுங்கள். குளிர்ந்த நீர் கொடுங்கள். ஈரத் துணியைக் கழுத்தில் போடுங்கள். மின்விசிறியைச் சுழல விடுங்கள். காய்ச்சல் வந்தால் உடனே அதைக் குறைக்கப் பாருங்கள்.

சித்திரை, வைகாசி மாதங்களில் கடைக்கும் ரேஷனுக்கும் மதியம் அனுப்பாதீர்கள். அடுப்படியில் வெகுநேரம் நிற்க விடாதீர்கள். சுடு வேலையைக் காலையிலேயே முடிக்கலாம். காய் நறுக்குவது போன்ற வேலையைக் காற்றோட்டமான இடத்தில் உட்கார்ந்து செய்யலாம்.

புதிய தாக்குதலை எப்படி அறிவது? காய்ச்சல் இல்லாமல், ஒரு புதிய தொல்லை 24 மணி நேரத்துக்கு மேல் நீடித்தால், உடனே நரம்பு டாக்டரைப் பார்க்க வேண்டும்.

மறைத்தால் தீருமா?

நோயை மறைப்பது நம் வீடுகளில் வழக்கம். நோயாளியிடமே மறைப்பதும் உண்டு. அன்பினால்தான் மறைக்கிறோம். ஆனால், அந்த அன்பு எங்கே கொண்டு போய் விடும் என்பதற்கு, இங்கிலாந்தில் நடந்த ஒரு கதை உண்டு.

புரூஸ் கம்மிங்ஸ் என்ற வாலிபர் லண்டனில் உயிரியல் பொருட்காட்சிச் சாலையில் வேலை பார்த்தார். அவருக்கு இந்த நோய் வந்தது. டாக்டர் கண்டுபிடித்தார். ஆனால், அவரிடம் சொல்லவில்லை. 1915-ம் ஆண்டில் அவருக்குக் கல்யாணம் நடந்தது. அதே வருடம் நவம்பரில் ராணுவத்துக்கு ஆள் எடுக்கும் இடத்துக்குப் போனார். டாக்டர் ஒட்டிக் கொடுத்த ஒரு கடிதம் கையில் இருந்தது. “வேண்டாம், போ” என்று அனுப்பி விட்டார்கள். கடிதத்தைப் பார்க்கவே இல்லை. திரும்பி வரும் வழியில் அவரே அதைப் பிரித்துப் படித்தார். தன் நோய் என்ன என்பது அப்போதுதான் அவருக்குத் தெரிந்தது! கல்யாணத்துக்கு முன்பே அந்தப் பெண்ணுக்கு எல்லாம் தெரியும் என்பதைப் பிறகு அறிந்தார். கணவன் வருந்துவானே என்று மனைவி மறைத்தாள். தெரிந்த பிறகு, மனைவி வருந்துவாளே என்று அவர் மறைத்தார். ஒரே கூரையின் கீழ் இருவரும் தனித்தனியாகத் துன்பப்பட்டார்கள்.

அவருக்கு நோய் கடுமையாக இருந்தது. 1919-ம் ஆண்டில், 30-வது வயதில் இறந்தார். “பார்பெல்லியன்” என்ற புனைபெயரில் அவர் எழுதிய நாட்குறிப்பு அதே ஆண்டில் புத்தகமாக வந்தது.

அந்தக் காலத்தில் மருந்து இல்லை. மறைத்தார்கள். இன்று மருந்து இருக்கிறது. இன்று மறைத்தால், வைத்தியம் தாமதமாகும். தெரிந்தால்தான் துணை செய்ய முடியும்.

“நன்றாக இருக்கிறேனே, மருந்து எதற்கு?”

இப்படிக் கேட்கும் நோயாளிகள் உண்டு. நோய் லேசாக இருப்பவர்கள்தான் அதிகமாகக் கேட்பார்கள்.

1993-ம் ஆண்டில் அமெரிக்காவில் முதல் மருந்துக்கு அனுமதி கிடைத்தது. “இன்டர்பெரான்” என்ற ஊசி மருந்து. தாக்குதல்களின் எண்ணிக்கையை அது குறைத்தது. 2010-ம் ஆண்டில் வாயால் விழுங்கும் மாத்திரை வந்தது. அதன் பிறகு இன்னும் வலுவான மருந்துகள் வந்துவிட்டன. நோயை அடியோடு போக்கும் மருந்து இன்னும் இல்லை. ஆனால், தாக்குதலைத் தடுக்கும் மருந்துகள் உண்டு.

வெளியே ஒன்றும் தெரியாத காலத்திலும் உள்ளே உறை அரிக்கப்படலாம். எம்.ஆர்.ஐ. படத்தில் இது தெரிகிறது. வெளியே ஒரு தாக்குதல் தெரிந்தால், உள்ளே படத்தில் பல புதிய தழும்புகள் இருப்பதுண்டு. ஆகவே, இன்று லேசாக இருப்பது என்றும் லேசாகவே இருக்கும் என்று யாரும் எழுதிக் கொடுக்க முடியாது. கூரை ஒழுகும் வரை காத்திருந்தா ஓடு மாற்றுவது?

ஒவ்வொருவருக்கும் மருந்து வேறுபடும். சிலருக்கு டாக்டரே “பொறுத்துப் பார்ப்போம்” என்று சொல்லலாம். அதை முடிவு செய்ய வேண்டியவர் டாக்டர். நாமாக மருந்தை நிறுத்தக் கூடாது. “மூன்றே மாதத்தில் குணம்” என்று எண்ணெயும் லேகியமும் விற்பவர்களிடம் பணத்தைக் கொட்டவும் கூடாது. தாக்குதல் தானாகக் குறையும் நோய் இது. குறைந்தவுடன், “என் எண்ணெயால்தான் குறைந்தது” என்று அவர்கள் பெயர் வாங்கிக் கொள்வார்கள்!

புகை பிடித்தால் இந்த நோய் வேகமாக முற்றும். பீடி, சிகரெட்டை உடனே விட வேண்டும்.

படுக்கை வைத்தியம் பழைய கதை

“எம்.எஸ். வந்தால் அசையாதே, படுத்திரு” என்று முன்பு டாக்டர்களே சொன்னார்கள். அது தவறு என்று பிறகு தெரிந்தது.

அமெரிக்காவில் யூட்டா மாகாணத்தில் 54 நோயாளிகளை இரண்டு பிரிவாகப் பிரித்தார்கள். ஒரு பிரிவினர் 15 வாரம் உடற்பயிற்சி செய்தார்கள். வாரத்துக்கு மூன்று நாள். ஒவ்வொரு நாளும் 40 நிமிடம். இன்னொரு பிரிவினர் செய்யவில்லை. 1996-ம் ஆண்டில் முடிவை வெளியிட்டார்கள். பயிற்சி செய்தவர்களுக்கு உடல் வலு கூடியது. மன வாட்டம் குறைந்தது. நோய் அதிகமாகவில்லை.

ஆகையால், நோயாளியை முழு ஓய்வில் உட்கார வைப்பதும் அன்பு அல்ல. விடியற்காலைக் குளிர்ச்சியில் நடக்கலாம். களைப்பு வருவதற்கு முன்பே நிறுத்தி, இளைப்பாறி, மறுபடியும் நடக்கலாம்.

வேலையையும் இப்படியே பிரிக்க வேண்டும். வாரக் கூலி வாங்குகிறவர் முதல் நாளே எல்லாவற்றையும் செலவு செய்தால், கடைசி நாள் பட்டினிதான். பலத்தையும் கணக்குப் பார்த்துச் செலவு செய்ய வேண்டும். முக்கியமான வேலை காலையில். மதியம் அரை மணி ஓய்வு. அந்த ஓய்வும் மருந்துபோல. அதற்கு யாரும் முகம் சுளிக்கக் கூடாது.

கல்யாணமும் குழந்தையும்

“இந்தப் பெண்ணுக்குக் கல்யாணம் செய்யலாமா? குழந்தை பிறக்குமா?” என்று கேட்காத வீடு இல்லை.

குழந்தை வேண்டாம் என்று டாக்டர்கள் ஒரு காலத்தில் தடுத்தார்கள். பிறகு ஐரோப்பாவில் 12 நாடுகளில், கர்ப்பிணிகளாக இருந்த 254 எம்.எஸ். நோயாளிகளைத் தொடர்ந்து கவனித்தார்கள். 1998-ம் ஆண்டில் முடிவு வந்தது. கர்ப்பத்தின் கடைசி மூன்று மாதங்களில் தாக்குதல்கள் மிகவும் குறைந்தன! பிரசவத்துக்குப் பிறகு முதல் மூன்று மாதங்களில் கூடின. அதன் பிறகு பழைய அளவுக்கு வந்தன.

ஆகவே, எம்.எஸ். உள்ள பெண் தாயாகலாம். ஆனால், சில மருந்துகள் கருவுக்கு ஆகாது. குழந்தை வேண்டும் என்று நினைக்கும்போதே டாக்டரிடம் சொல்லிவிட வேண்டும். பிரசவமான முதல் மூன்று மாதம் வீட்டில் துணை இருக்க வேண்டும். இரவில் குழந்தையைத் தூக்கிவைத்துக் கொள்ள ஒரு பாட்டியோ, ஓர் அத்தையோ இருந்தால் எவ்வளவோ நல்லது. கணவனுக்கும் கை இருக்கிறது!

உண்மையைச் சொல்லிக் கல்யாணம் செய்யுங்கள். உண்மையைக் கேட்டுவிட்டு ஓடுகிறவன் ஓடட்டும். அவன் கல்யாணத்துக்குப் பிறகு ஓடுவதைவிட முன்பே ஓடுவது மேல்.

சட்டம் என்ன சொல்கிறது?

நம் நாட்டில் 1995-ம் ஆண்டுச் சட்டம் 7 வகை ஊனங்களை மட்டும் கணக்கில் எடுத்தது. அதில் எம்.எஸ். இல்லை. 2016-ம் ஆண்டில் “மாற்றுத் திறனாளிகள் உரிமைச் சட்டம்” வந்தது. அதில் 21 வகைகள் உண்டு. எம்.எஸ். நோயின் பெயர் அதில் தெளிவாக எழுதப்பட்டிருக்கிறது.

இது பெரிய முன்னேற்றம். ஆனாலும், ஒரு சிக்கல் இருக்கிறது. முக்கியமான சலுகைகள் பலவும் 40 சதவீத ஊனம் என்று சான்றிதழ் பெற்றவர்களுக்குத்தான். லேசான நோயாளி அந்த 40-ஐத் தொடுவது கடினம். சுத்தியலால் தட்டிப் பார்த்தால் கால் உதறுகிறது. நடக்கச் சொன்னால் நடக்கிறார். மதியம் மூன்று மணிக்கு அவர் எப்படி இருக்கிறார் என்பது காலைப் பரிசோதனையில் தெரியாதே!

சோர்வையும் வாழ்க்கைச் சுகத்தையும் அளக்கவே முடியாது என்று சொல்ல முடியாது. 1995-ம் ஆண்டிலேயே அமெரிக்காவில் 54 கேள்விகள் கொண்ட ஒரு பட்டியல் செய்துவிட்டார்கள். வலி உண்டா, பலம் இருக்கிறதா, நண்பர்களைப் பார்க்க முடிகிறதா, மனம் வாடுகிறதா என்று நோயாளியையே கேட்கும் பட்டியல் அது. சான்றிதழ் கொடுக்கும்போது இப்படிப்பட்ட கேள்விகளுக்கும் இடம் கொடுக்க வேண்டும். இதை சர்க்கார் யோசிக்க வேண்டும்.

40 சதவீதம் இல்லாவிட்டாலும் சட்டம் கைவிட்டு விடவில்லை. ஊனமுற்ற சிப்பந்திக்கு ஏற்ற வசதி செய்து கொடுக்க வேண்டும் என்று சர்க்கார் அலுவலகங்களுக்கு அந்தச் சட்டம் கட்டளை இடுகிறது. வேலையில் இருக்கும்போது ஊனம் வந்தால், சர்க்கார் சிப்பந்தியை நீக்கவோ பதவி இறக்கவோ கூடாது என்றும் சொல்கிறது. அந்த வேலை முடியாவிட்டால், அதே சம்பளத்தில் வேறு வேலை கொடுக்க வேண்டும்.

தனியார் கம்பெனி முதலாளிகளுக்கும் ஒரு வார்த்தை. லேசான நோயாளி கேட்பது பெரிய செலவு அல்ல. மாடிக்குப் பதில் கீழ்த்தளத்தில் ஓர் இடம். மின்விசிறிக்குக் கீழே ஒரு நாற்காலி. பக்கத்தில் கழிவறை. மதியம் கொஞ்ச நேரம் ஓய்வு. முடிந்தால், சில நாள் வீட்டில் இருந்து வேலை. இவ்வளவுதான். இதைக் கொடுக்காமல், பத்து வருடம் பழகிய சிப்பந்தியை இழப்பது நஷ்டமா, லாபமா? கணக்குப் போட்டுப் பாருங்கள்.

நோயாளிகளுக்கும் ஒரு சொல்

நீங்கள் வாய் திறக்க வேண்டும். “ஒன்றும் இல்லை” என்று சொல்லிக்கொண்டே உள்ளுக்குள் அழக் கூடாது. “இன்று எனக்குப் பலம் இல்லை. நாளைக் காலையில் செய்கிறேன்” என்று தெளிவாகச் சொல்லுங்கள். மறதி இருந்தால் நோட்டில் எழுதி வையுங்கள். சிறுநீர்த் தொல்லைக்கும், மனச் சோர்வுக்கும் வைத்தியம் உண்டு. டாக்டரிடம் வெட்கப்படாமல் சொல்லுங்கள். கேட்டால்தானே அவருக்குத் தெரியும்!

தனியாக இருக்கிறோம் என்று நினைக்காதீர்கள். இந்திய எம்.எஸ். சங்கம் 1985-ம் ஆண்டு முதல் இருக்கிறது. சென்னையிலும் அதற்குக் கிளை உண்டு. அதே நோயோடு வாழ்கிறவர்களைப் பார்த்துப் பேசினாலே பாதிப் பாரம் இறங்கும்.

நம்புவதற்குக் காசு வேண்டாம்

எம்.எஸ். நோய்க்கான மருந்துகள் விலை அதிகம். எம்.ஆர்.ஐ. படத்துக்குப் பணம் வேண்டும். நரம்பு நிபுணர் எல்லா ஊரிலும் இல்லை. இவை எல்லாம் உண்மை. இவற்றைத் தீர்க்க சர்க்காரும் பெரிய மனிதர்களும் முயல வேண்டும்.

ஆனால், லேசான நோயாளியின் வாழ்க்கையை நல்லதாகவோ கெட்டதாகவோ ஆக்குவதில் பாதி, வீட்டில் இருப்பவர்கள் கையில் இருக்கிறது. அவர் சோர்ந்தேன் என்றால் சோர்ந்தார். கண் மங்குகிறது என்றால் மங்குகிறது. நேற்றுச் செய்த வேலையை இன்று செய்ய முடியவில்லை என்றால், அது நடிப்பு அல்ல. இந்த நோயின் சுபாவமே அதுதான். நேற்று ஒரு மாதிரி, இன்று ஒரு மாதிரி.

“உன்னால் நடக்க முடிகிறதா?” என்று டாக்டர் கேட்கட்டும். அது அவர் வேலை. வீட்டில் இருக்கும் நாம், “இன்று உனக்கு எப்படி இருக்கிறது?” என்று கேட்போம். என்ன பதில் வருகிறதோ, அதை நம்புவோம். அடுத்த வேலையைப் பகிர்ந்து கொள்வோம்.